சூப்பர்மேன் திரும்பி வந்த ஆண்டு: பழைய நினைவை நம்பி எடுத்த ஒரு படத்தின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2006 ஜூன் 28 அன்று அமெரிக்காவில் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' வெளியானது. அதற்கு முந்தைய சூப்பர்மேன் படம் வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. விமர்சகர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் எழுதினார்கள். உலகம் முழுக்க சுமார் 39 கோடி டாலர் வசூல் ஆனது. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் அறிவித்திருந்த அடுத்த பாகம் எடுக்கப்படவில்லை. தலைமை வேடத்தில் நடித்தவருக்கு அந்த உடையில் இன்னொரு சினிமா அமையவும் இல்லை.

சூப்பர்ஹீரோ படங்களுக்குப் புத்துயிர் கொடுக்கும் முயற்சிகளில் படுதோல்வி அடைந்தவை நிறைய உண்டு. அவற்றில் காரணம் தேட அதிகம் மெனக்கெட வேண்டாம். இந்தப் படம் அந்த வகை இல்லை. நல்ல தொழில்நுட்பமும் உண்மையான பக்தியும் பெரிய பணமும் இதில் இருந்தன. அப்படியும் ஏன் பார்வையாளர் மனம் முழுதாக ஒட்டவில்லை என்பதே இங்கே கேள்வி. படத்தில் வேலை செய்தவர்களை அவரவர் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். தனி ஆட்களை எடைபோடுவது நோக்கமில்லை, எடுத்த முடிவுகளை எடைபோடுவதுதான்.

பின்னணி

எல்லாம் 1978 டிசம்பரில் வந்த 'சூப்பர்மேன்' படத்திலிருந்து தொடங்குகிறது. ரிச்சர்ட் டோனர் இயக்கம், ஜான் வில்லியம்ஸ் இசை, சூப்பர்மேனின் தந்தையாக மார்லன் பிராண்டோ. நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாதவர். மனிதன் பறக்கிறான் என்று நீங்கள் நம்புவீர்கள் என்பதுதான் விளம்பரத்தின் வாக்குறுதி. அன்றைய மக்கள் அதை நம்பவும் செய்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொகை.

இரண்டாம் பாகத்தின் நடுவில் டோனர் நீக்கப்பட்டு, வேறொருவர் அதை முடித்தார். அதுவும் ஓடியது. 1983இல் வந்த மூன்றாம் பாகம் சறுக்கியது. 1987இல் வந்த நான்காம் பாகத்துக்குப் பணத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். கம்பிகள் தெரியும் அளவுக்கு மலிவான படமாக அது முடிந்தது. தொடர் அத்துடன் நின்றுபோனது.

இதன் பிறகு நடந்த ஒன்று இந்த ஆய்வுக்கு மிக முக்கியம். 1995இல் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி முதுகுத்தண்டு காயங்களுக்கான ஆராய்ச்சிக்காகப் போராடினார். 2004 அக்டோபர் 10 அன்று இறந்தார். பிராண்டோ அதே ஆண்டு ஜூலையில் போயிருந்தார். ஆக, 1978 படத்தின் மீது மக்களுக்கு இருந்த பிரியம் மெல்ல மெல்ல அஞ்சலியாக மாறியிருந்தது. சிரிக்கச் சிரிக்கப் பார்த்த படத்தை இப்போது கைகூப்பி நினைத்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சூப்பர்மேன் படங்களை வெளியிட்டுவந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. டிம் பர்ட்டன் இயக்க, நிக்கோலஸ் கேஜ் நடிக்க இருந்த படம் 1998இல் கைவிடப்பட்டது. 2000க்குப் பிறகு திரைக்கதைகளும் இயக்குநர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். படம் வராமலே பணம் கரைந்தது. 2004 ஜூலையில், இரண்டு 'எக்ஸ்மென்' படங்களை வெற்றியாகத் தந்த இயக்குநர் ஒருவர் தன் யோசனையுடன் வந்தபோது நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

இயக்குநரின் யோசனை எளிமையானது: கதையைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், தொடரலாம். டோனர் தொடங்கிவைத்த முதல் இரண்டு படங்களையும் தோராயமான முன்கதையாக வைத்துக்கொள்ளலாம். மூன்றும் நான்கும் நடக்காதது போல விட்டுவிடலாம். சூப்பர்மேன் ஐந்து ஆண்டுகள் பூமியை விட்டுப் போய்த் திரும்பி வருகிறான் என்பது கதை.

இதில் நியாயம் இருந்தது. சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம் அழிந்ததும் கான்சாஸ் பண்ணையில் அவன் குழந்தையாக வந்து விழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை மறுபடி ஒரு மணி நேரம் சொல்லத் தேவையில்லை. மக்கள் மனதில் இருக்கும் பிரியத்தையே அடித்தளமாக வைத்தால் நேராகக் கதைக்குள் போகலாம்.

இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைத்தன. நாயகனாக, தொலைக்காட்சியில் சிறு வேடங்கள் செய்துவந்த ஒரு புதுமுகத்தை 2004 அக்டோபரில் தேர்ந்தெடுத்தார்கள். ரீவ் மறைந்த அதே மாதம். 1978இல் செய்தது போலவே தெரியாத முகம் வேண்டும் என்பது ஒரு காரணம். முகவெட்டிலும் குரலிலும் ரீவை நினைவூட்டினார் என்பது இன்னொன்று. பழுப்புக் கண்களை மறைக்க நீல லென்ஸ் போட்டார்கள். வில்லியம்ஸின் இசையைப் புதிய இசையமைப்பாளர் அப்படியே கொண்டுவந்தார். டைட்டில் கார்டுகள்கூட 1978 போலவே விண்வெளியில் சீறிப் பறந்தன. பிராண்டோவின் பழைய பதிவுகளை எடுத்து, கணினியில் அவர் முகத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 1950களின் தொலைக்காட்சித் தொடரில் சூப்பர்மேனின் காதலியான பத்திரிகையாளர் லோயிஸாகவும் நண்பன் ஜிம்மியாகவும் நடித்த முதியவர்கள் இருவருக்கும் சிறு வேடங்கள் தந்தார்கள். படத்தை ரீவுக்கும், 2006 மார்ச்சில் இறந்த அவர் மனைவிக்கும் சமர்ப்பித்தார்கள்.

படப்பிடிப்பு 2005இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அப்போது புதிதாக வந்திருந்த ஜெனிசிஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள். செலவு 20 கோடி டாலரைத் தாண்டியது.

முதல் முன்னோட்டத்தில் பிராண்டோவின் குரலும் வில்லியம்ஸின் இசையும்தான் பிரதானம். அதைக் கேட்டுச் சிலிர்த்தவர்கள் ஏராளம். ஆனால் எதிர்பார்ப்பு அங்கேயே ஒரு திசையில் பூட்டப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். புதிய நாயகன் யார், அவன் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு முன்பே, பழைய ஒன்று திரும்பி வருகிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

திரையில் கண்டவை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தைக் காப்பாற்றும் காட்சி சூப்பர்ஹீரோ சினிமாவின் சிறந்த காட்சிகளில் ஒன்று. தீப்பிடித்து விழும் விமானத்தை நாயகன் துரத்துகிறான், இறக்கை பிய்ந்து கையோடு வருகிறது, கடைசியில் பேஸ்பால் மைதானத்தின் நடுவே மூக்கைத் தாங்கி மெல்ல இறக்கி வைக்கிறான். மைதானமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. பழைய படத்தைப் பார்க்காதவருக்கும் அந்தக் காட்சி புரியும், பார்த்தவருக்கும் இனிக்கும்.

பிறகு என்ன ஆகிறது? மொத்தம் 154 நிமிடப் படம். அந்தக் காட்சிக்குப் பிறகு படம் மெல்லச் சோகத்துக்குள் இறங்குகிறது. லோயிஸ் வேறொருவருடன் வாழ்கிறாள், ஒரு பையன் இருக்கிறான். உலகத்துக்கு சூப்பர்மேன் தேவையில்லை என்று எழுதிய கட்டுரைக்காக அவளுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருக்கிறது. நாயகன் அவள் வீட்டுக்கு வெளியே மிதந்தபடி சுவர் வழியாக அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரையும் ஒரு குத்துகூடக் குத்தவில்லை. தூக்குகிறான்: விமானத்தை, படகை, கடைசியில் ஒரு நிலப்பரப்பையே. சுமப்பவனாகவே காட்டுகிறார்கள். யோசித்துச் செய்த தேர்வு அது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் 1978 படத்தை நினைத்து வந்தவர்கள் மனதில் இருந்தது சுமை இல்லை. சுழல் கதவுக்குள் கோட்டு சூட்டோடு போய்ச் சிவப்புத் துணியோடு வெளியே வரும் குதூகலம், சூப்பர்மேனின் சாதாரண மனித வேடமான கிளார்க் கென்டின் அசட்டு நடிப்பு, வில்லனின் கோமாளித்தனம் இவைதான் அவர்கள் நினைவில் இருந்தவை.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையமே இதுதான். படக்குழு பழைய படத்தின் முகத்தையும் குரலையும் இசையையும் நுணுக்கமாகக் காப்பாற்றியது. அது தந்த உணர்வை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ரீவின் மரணத்துக்குப் பிந்தைய துக்கம், டோனர் படத்தின் உற்சாகம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வில்லனின் திட்டமும் பழையதே. 1978இல் கலிபோர்னியாவைக் கடலில் மூழ்கடித்து நிலம் விற்கப் பார்த்தான். 2006இல் கிரிப்டான் படிகத்திலிருந்து புதிய கண்டத்தை வளர்த்து நிலம் விற்கப் பார்க்கிறான். மாடியில் லோயிஸுடன் பேச்சு, அப்புறம் இரவில் இருவரும் பறப்பது, கடைசியில் பூமிக்கு மேலே கேமராவை நோக்கி வந்து கடந்து போவது என எல்லாவற்றுக்கும் மூலம் இருக்கிறது. ரசிகர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மகிழ்ந்தார்கள். அடையாளம் காணும் மகிழ்ச்சி முதல் முறை பார்க்கும்போது மட்டும்தான். இரண்டாம் முறை டிக்கெட் வாங்க அது போதாது.

பையன் என்ற முடிச்சு

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய நினைவை அடித்தளமாக வைக்கும்போது என்ன சிக்கல் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தின் நடுப்பகுதியில் லோயிஸின் மகன் தாயைக் காப்பாற்ற ஒரு பியானோவை ஆள் மேல் தள்ளிவிடுகிறான். அவன் சூப்பர்மேனின் மகன் என்று அங்கே தெரிகிறது. பழைய படங்களைப் பார்க்காத ஒருவருக்கு இது எங்கிருந்து வந்தது என்றே புரியாது. இருவருக்கும் இடையே முன்பு என்ன நடந்தது என்று இந்தப் படம் காட்டவே இல்லை.

சரி, பார்த்தவருக்காவது புரியுமா? இரண்டாம் பாகத்தில் இருவரும் சேர்ந்திருந்த இரவு உண்டு. ஆனால் அந்தப் படத்தின் முடிவில் சூப்பர்மேன் ஒரு முத்தத்தால் லோயிஸின் நினைவிலிருந்து அதையெல்லாம் அழித்துவிடுகிறான். அப்படியானால் பையன் யாருடையவன் என்று அவள் எப்படிப் புரிந்துகொண்டாள்? டோனர் முதலில் நினைத்த வடிவத்தில் இரண்டாம் பாகத்தின் மறுதொகுப்பும் அதே 2006 நவம்பரில் வந்தது. அதில் காலமே பின்னோக்கித் திருப்பப்படுகிறது. அந்த வழியிலும் இந்தப் பையனுக்கு இடமில்லை.

ஆக, முன்கதை தெரியாதவருக்குப் பாதிக் கதை கிடைத்தது, தெரிந்தவருக்கு ஓட்டைக் கதை கிடைத்தது. தோராயமான முன்கதை என்ற ஏற்பாடு இருவரில் ஒருவரையும் திருப்திப்படுத்தவில்லை. பழைய ரசிகரின் பிரியத்தைக் கடன் வாங்கும் படம், அவருடைய நினைவாற்றலையும் சேர்த்தே வாங்குகிறது. விவரங்களை அவர் மறக்கமாட்டார், ஏனென்றால் அவர் நேசித்ததே அந்த விவரங்களைத்தான்.

வயதுக் கணக்கும் உதைத்தது. லோயிஸாக நடித்தவருக்குப் படப்பிடிப்பின்போது 22 வயது. புலிட்சர் வாங்கிய பத்திரிகையாளர், ஐந்து வயதுப் பையனின் தாய் என்பது அந்த முகத்தில் பொருந்தவில்லை. முதல் படத்தை எடுத்த காலத்தில், அதில் லோயிஸாக நடித்த மார்காட் கிடரின் வயது முப்பதை நெருங்கியிருந்தது. குறை நடிகையுடையது அல்ல. நினைவின் தொடர்ச்சியைக் கேட்கும் கதையில் வயதின் தொடர்ச்சியை யாரும் கவனிக்கவில்லை.

யாருடைய நினைவு

1978 படத்தைப் பத்து வயதில் பார்த்தவருக்கு 2006இல் முப்பத்தெட்டு. கோடைக்காலப் பெரும் படங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது அதைவிட இளையவர்கள். அவர்களிடமும் சூப்பர்மேன் நினைவு இருந்தது, வேறு நினைவு. 1993 முதல் 1997 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடர், 1996இல் தொடங்கிய கார்ட்டூன், எல்லாவற்றுக்கும் மேலாக 2001இல் தொடங்கிய 'ஸ்மால்வில்'. அந்தத் தொடர் 2006இல் வாரா வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தெரிந்த கிளார்க் கென்ட் தொலைக்காட்சியில் உயிரோடு இருந்தான். அவர்களுக்கு ரீவ், அப்பா அம்மா சொல்லிக் கேட்ட பெயர்.

இன்னொன்று. 1978இல் பறப்பதே அதிசயம். 2006இல் ஸ்பைடர்மேனும் எக்ஸ்மென்னும் அந்த இடத்தை நிரப்பியிருந்தார்கள். அதே அசைவை அதே பக்தியோடு காட்டும்போது அதிசயம் தானாக வந்துவிடாது.

விளைவு

முதல் வாரம் நன்றாகவே போனது. இரண்டாம் வார இறுதியில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரிபியன்' என்ற கடற்கொள்ளையர் படத்தின் இரண்டாம் பாகம் வெளியாகி 13 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. சூப்பர்மேன் வசூல் பாதிக்கும் கீழே சரிந்தது. அமெரிக்க வசூல் தவழ்ந்து தவழ்ந்து 20 கோடியை எட்டி நின்றது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாகவே, உலகளவில் 50 கோடியை எதிர்பார்த்ததாகவும் இளைஞர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆக்‌ஷன் வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். 2009க்கென்று பேசப்பட்ட அடுத்த பாகம் தள்ளிப்போனது. 2008இல் கதாபாத்திரத்தைப் புதிதாக அறிமுகப்படுத்துவதே திட்டம் என்று நிறுவனம் அறிவித்தது.

இந்த வசூலைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இதே நிறுவனம் முந்தைய ஆண்டு 'பேட்மேன் பிகின்ஸ்' வெளியிட்டது. அதன் உலக வசூல் சூப்பர்மேனைவிடச் சற்றுக் குறைவு. அமெரிக்க வசூல் கிட்டத்தட்ட சமம். ஆனால் அதற்கு 2008இல் அடுத்த பாகம் வந்தது, அது 100 கோடி டாலரைத் தாண்டியது. பேட்மேன் படத்தின் செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் படம் 1997இல் முடிந்துபோன பழைய வரிசையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. பார்த்து முடித்தவரிடம் அடுத்து என்ன என்ற ஆர்வத்தை விட்டுச்சென்றது. சூப்பர்மேன் படம் முடிந்தபோது பார்வையாளர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்ச்சிக்கான பசி அங்கே உருவாகவில்லை.

அதன் பிறகு

2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' எதிர்த்திசையில் ஓடியது. வில்லியம்ஸ் இசை இல்லை, சிவப்பு ஜட்டி இல்லை, அடிதடி மட்டும் ஏராளம். உலகளவில் 66 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இப்போது நகரமே தரைமட்டமாகிறதே, இவன் எங்கள் சூப்பர்மேனா என்ற புகார் வந்தது. 2006இல் இல்லாத குத்துகள் கிடைத்தபோது 2006இல் இருந்த கனிவைத் தேடினார்கள். 2025இல் ஜேம்ஸ் கன் எடுத்த படம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. பழைய மெட்டு வருகிறது, ஆனால் கிட்டாரில், புது உடம்போடு. ஜட்டி திரும்பிவிட்டது. ரீவின் மகன் செய்தியாளராக ஒரு நொடி வந்து போகிறார். அவரைத் தெரியாதவருக்கு அந்தக் காட்சியில் ஒரு குறையும் இல்லை.

பழைய முகங்களைக் கொண்டுவந்த வேறு இரண்டு படங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 2021 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' பழைய ஸ்பைடர்மேன்கள் இருவரையும் அழைத்து வந்து சுமார் 190 கோடி டாலர் ஈட்டியது. அவர்கள் தங்கள் சொந்த வருத்தத்தோடு வந்தார்கள். காதலியைக் காப்பாற்ற முடியாமல் போனவன், இந்த முறை கீழே விழும் ஒரு பெண்ணைப் பிடித்துவிடுகிறான். அங்கே நினைவுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. 2023 'ஃப்ளாஷ்' படத்தில் மைக்கேல் கீட்டன் பேட்மேனாகத் திரும்பினார், கணினியில் உருவாக்கிய ரீவும் தோன்றினார். உலக வசூல் சுமார் 27 கோடி டாலரில் நின்றது. மறைந்த நடிகரின் உருவத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள்.

2006 நாயகன் 2019-20இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் நிகழ்வில் நரை கண்ட சூப்பர்மேனாக வந்தார். அன்று விடலைப் பருவத்தில் அவரைத் திரையரங்கில் பார்த்தவர்கள் ஆரவாரமாக வரவேற்றார்கள். இந்த முறை அவர் யாரையும் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அது நடிப்பிலேயே தெரிந்தது.

மாற்றியிருக்க வேண்டியவை

பழைய படத்தைப் பார்க்காதவர்களிடம் மட்டும் திரைக்கதையை ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால், பையன் விஷயத்தில் உள்ள ஓட்டை முதல் நாளே தெரிந்திருக்கும். ஒன்று, பையனையே விட்டிருக்க வேண்டும். அல்லது லோயிஸுக்கு என்ன நினைவிருக்கிறது என்பதை முதல் அரை மணி நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லி, அவளுடைய கோபத்துக்கு அதையே காரணமாக்கியிருக்க வேண்டும். ஐந்தாண்டு காணாமல் போன ஒருவன் மீது அவளுக்கு வரும் கோபம் நல்ல நாடகம். படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

புதுமுகத்துக்கு அவருக்கே உரிய ஒரு காட்சி வேண்டும். 1978இல் ரீவ் லோயிஸின் வீட்டில் கண்ணாடியைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, ஒரே மூச்சில் கிளார்க்கிலிருந்து சூப்பர்மேனாக மாறி மறுபடி கூனிக்கொள்வார். அந்த ஒரு தருணத்தில் அந்த வேடம் அவருடையதாகிவிட்டது. அதே கனத்தில், வேறு வகையில் ஒரு தருணத்தை 2006 நாயகனுக்கு எழுதவே இல்லை.

வில்லனுக்கு நிலப் பேராசை தவிர வேறு எதையாவது தந்திருக்கலாம். முன்னோட்டத்தில் இறந்தவரின் குரலுக்குப் பதில் விமானக் காட்சியை முன்னே வைத்திருக்கலாம். வாக்குறுதியும் படமும் அப்போது ஒரே திசையில் இருந்திருக்கும்.

கடைசியாக, வெட்டி எறிந்த ஒரு காட்சி. அழிந்த கிரிப்டானின் எச்சங்களுக்குள் சூப்பர்மேன் தனியாகப் போகும் தொடக்கத்தைச் சுமார் 1 கோடி டாலர் செலவில் எடுத்து, வெளியீட்டுக்கு முன் நீக்கிவிட்டார்கள். 2011இல்தான் அது ப்ளூ-ரே வட்டாக வெளிவந்தது. அதை நான் மீண்டும் படத்தின் தலையில் வைத்திருப்பேன். டோனர் படத்தில் மூலம் இல்லாத, இந்தப் படத்துக்கே சொந்தமான காட்சி அது. நாயகன் ஏன் போனான், எதைத் தேடினான், என்ன கிடைக்காமல் திரும்பினான் என்பதை எந்தப் பழைய படத்தையும் பார்க்காதவருக்கும் அது சொல்லிவிடுகிறது.